வாங்குவோரும் வாழ்வோரும்: பேராக்கில் அயலாரின் விடுமுறை வீடுகள்

ஒரு நாட்டின் குடியுரிமை இல்லாத ஒருவர், அங்கே நிலையாகக் குடியேறும் எண்ணமின்றி, ஆண்டில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிச் செல்வதற்கென அடுக்குமாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் மலேசியாவில் முதலில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேரூன்றிப் பின்னர் பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவை எட்டியது. 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்தொடர்வண்டிச் சேவை தொடங்கிப் பயண நேரம் ஏறத்தாழ இரண்டரை மணியாகக் குறைந்ததும், 2016இல் லோன்லி பிளானட் என்னும் பயண நூல் நிறுவனம் ஆசியாவில் காணத்தக்க இடங்களின் வரிசையில் ஈப்போவைச் சேர்த்ததும், சுண்ணாம்புக் குன்றுகளின் அழகும், தம்புன் வெந்நீர் ஊற்றுகளும், தலைநகரை நோக்கக் குறைவான வாழ்க்கைச் செலவும் இந்நகரை அயலாரின் பார்வைக்குக் கொண்டுவந்தன. இவ்வழக்கத்தைப் போற்றுவோர் அது அந்நியச் செலாவணியைக் கொண்டுவருவதைச் சுட்டுவர். தூற்றுவோர் அது உள்ளூர் மக்களின் வீட்டு விலையை ஏற்றிவிடுவதைச் சுட்டுவர். இவ்விரு வாதங்களும் பெருநகரங்களை மனத்திற்கொண்டு எழுந்தவையாதலால் பேராக்கின் நிலைமைக்கு இரண்டுமே முழுமையாகப் பொருந்துவதில்லை. அயலார் உள்ளே வரும் வாயிலைக் காப்பதில் மலேசியச் சட்டம் காட்டும் அக்கறை, வந்தவர் ஊரில் இல்லாதிருக்கும் காலத்தையும் அவர் விட்டுச் செல்லும் நாளையும் நெறிப்படுத்துவதில் காணப்படவில்லை என்பதும், இக்குறை வேறெந்த மாநிலத்தையும்விடப் பேராக்குக்கு முன்பே பழகியதொன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மலேசிய அரசமைப்பின்படி நிலம் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, தன் 433பி பிரிவின் வழியாக, குடியுரிமை இல்லாதவர் நிலத்தையோ நிலத்தின் மேலான உரிமையையோ பெறுமுன் மாநில அதிகாரத்தின் எழுத்து வடிவ ஒப்புதலைப் பெற வேண்டும் என விதிக்கிறது. இதனோடு கூட்டரசு அரசாங்கம் வகுத்த குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. அதாவது, குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட விலையுள்ள வீட்டை அயலார் வாங்க இயலாது. 2010இல் 250,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட இவ்வரம்பு 2014இல் ஒரு மில்லியன் ரிங்கிட்டாக மீண்டும் உயர்ந்தது. மாநிலங்கள் தத்தம் தேவைக்கேற்ப இதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. மலாய் ஒதுக்கீட்டு நிலமும், பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கிய வீடுகளும், மலிவு விலை வீடுகளும் எந்த விலையிலும் அயலாருக்குத் திறக்கப்படுவதில்லை.

இந்த அமைப்பின் வலிமைகளை முதலில் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியாவில் பின்பற்றப்படும் டோரன்ஸ் முறைப்படி, நிலப்பதிவேட்டில் எவர் பெயர் ஏறுகிறதோ அவருடைய உரிமை, மோசடி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எவராலும் அசைக்க முடியாததாகிறது. அயலார் பெறும் அடுக்குமாடிப் பட்டா இவ்வகையில் குடிமகன் பெறும் பட்டாவுக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று. உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் வாங்கிக் காகிதத்தில் மறைத்து வைக்கும் ஏற்பாடுகள் சில அண்டை நாடுகளில் பெருகியிருப்பதை நோக்கும்போது இது சிறிய செய்தியன்று. கட்டி முடிக்கப்படாத வீட்டை வாங்குவோருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பும் அயலார்க்கும் உரியது: அடுக்குமாடிக்குரிய ஒப்பந்தப் படிவத்தின்படி 36 மாதங்களுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைத்தபின் 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும்; தாமதத்திற்கு இழப்பீடும் உண்டு. வரும் அயலார் ஆண்டுதோறும் நிலவரியும் மதிப்பீட்டு வரியும் செலுத்துகிறார். ஆனால் நகரின் பள்ளிகளுக்கோ அரசு மருத்துவமனைக்கோ பெரும் சுமையாவதில்லை. காவல், துப்புரவு, தோட்டப் பராமரிப்பு எனச் சில வேலைகளும் பிறக்கின்றன.

விலை வரம்பும் தன் நோக்கத்தில் பேராக்கில் வெற்றி பெற்றிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஈப்போவிலும் அதன் புறநகர்களிலும் நடுத்தரக் குடும்பம் வாங்கும் தொடர் வீட்டின் விலை பெரும்பாலும் ஒரு மில்லியனில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே ஆசிரியரோ தொழிற்சாலை மேற்பார்வையாளரோ வாங்க நினைக்கும் வீட்டுக்கு அயலார் போட்டியாக வந்து நிற்பது நடைமுறையில் அரிது. கோலாலம்பூரில் ஒரு மில்லியன் என்பது நகர நடுவிலுள்ள இயல்பான கொண்டோமினியத்தின் விலையாகிவிட்டதால் அங்கே வரம்பின் காப்பு மெலிந்துபோயிற்று. ஈப்போவில் அதே தொகை கெட்டியான மதிலாக நிற்கிறது.

ஆனால் அந்த மதிலின் மறுபக்கத்தில் நிகழ்வதைப் போதிய அளவு எவரும் ஆராயவில்லை. ஊரின் இயல்பான விலை மட்டத்திற்கு மிக மேலே வரம்பு இருக்கும்போது, அயல்நாட்டு வாங்குநரை விரும்பும் மேம்பாட்டாளர் தம் வீட்டுக்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்று கணிப்பதற்கு மாறாக, எவ்வளவு விலை இருந்தால் விற்க அனுமதி கிடைக்கும் என்று கணிக்கத் தொடங்குகிறார். பரப்பைக் கூட்டியும், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், ஏரிக்காட்சி ஆகியவற்றைச் சேர்த்தும் வீட்டை அந்தத் தொகைக்கு உயர்த்துகிறார். சந்தை வைக்க வேண்டிய விலையை இவ்வாறு சட்டம் வைத்துவிடுகிறது. இதன் விளைவு வாங்கும் நாளில் தெரியாது. விற்கும் நாளில்தான் தெரியும். அந்த வீட்டை மறுபடி வாங்க வரக்கூடியவர் இருவகையினர். ஒருவர் உள்ளூர்வாசி, அவர் ஈப்போ விலையைத்தான் கொடுப்பார், வரம்பு அவரைக் கட்டுப்படுத்தாது. மற்றவர் இன்னோர் அயலார். அவர் வரம்பைத் தாண்டிய விலையில்தான் வாங்க முடியும், மாநில ஒப்புதலுக்கும் பல மாதம் காத்திருக்க வேண்டும். வீட்டின் சந்தை விலை வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால், அதனை வாங்க மனமுள்ள அயலார் இருந்தாலும் அவருக்கு விற்பது சட்டப்படி இயலாது. வரம்பைத் தொட்டுக்கொண்டு வாங்கியவர் எவரும் விலை சற்றுச் சரிந்த உடனே தம்மைப் போன்ற வாங்குநர்களை முற்றிலும் இழந்துவிடுகிறார். பெருநகரில் விலை வரம்புக்கு மேலே போதிய இடைவெளி இருப்பதால் இந்தப் பொறி அங்கே அவ்வளவாகப் புலப்படுவதில்லை. விற்பனையாகாத வீடுகள் மிகுந்த மாநிலங்களுள் பேராக்கும் ஒன்றாக அண்மை ஆண்டுகளின் சொத்துச் சந்தை அறிக்கைகளில் இடம்பெற்றிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அயலாரின் உடைமை பேராக்குக்குப் புதிதன்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட காலம் தொட்டு, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முடிய, இம்மாநிலத்தின் பெருந்தோட்ட நிலங்களில் பெரும்பகுதி இலண்டனில் பதிவான குழுமங்களிடமும் ஐரோப்பியத் துரைமார்களிடமும் இருந்தது. பங்குதாரர்களில் பலர் அம்மண்ணை மிதித்ததே இல்லை. அவர்களுக்காக ரப்பர் மரம் சீவிப் பால் சேகரித்த தமிழ்த் தொழிலாளர் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், அந்த வீட்டின் மேல் அவர்களுக்கு எவ்வித உரிமையும் இருக்கவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போயிற்று.

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை இவ்வரலாற்றின் மிகத் தெளிவான சான்று. ஸ்காட்லாந்திலிருந்து 1890 அளவில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் என்னும் ரப்பர்த் தோட்டத்தால் செல்வம் பெருக்கி, தம் முந்திய இல்லத்தின் அருகே 1915 தொடங்கி ஒரு பெரும் மாளிகையை எழுப்பலானார். சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. மலாயாவின் முதல் மின்தூக்கி என்று சொல்லத்தக்க ஒன்றுக்கும் அதன் கோபுரத்தில் இடம் விடப்பட்டது. வேலையாட்களைக் கொள்ளை நோய் தாக்கியபோது அவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் மாரியம்மன் கோயில் கட்ட உதவினார் என்பதும், நன்றி கூறும் முகமாக அக்கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களுக்கிடையே அவருக்கும் தொழிலாளர்கள் ஓர் உருவம் அமைத்தனர் என்பதும் அவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்தவை. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். மனைவி ஸ்காட்லாந்துக்கே திரும்ப முடிவெடுத்துச் சொத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்திற்கு விற்றார். மாளிகை கட்டி முடிக்கப்படாமலே நின்றது. ஒரு மனிதரின் இறப்பும் ஒரு குடும்பத்தின் முடிவும் ஓர் இடத்தின் பயனையே நிறுத்திவிட முடியும் என்பதற்கு அயலாரின் தனியுடைமை தரும் எடுத்துக்காட்டு இதுவெனில், நிறுவன உடைமை தரும் எடுத்துக்காட்டு இதனினும் கடுமையானது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பின்மையும், நாடு விடுதலை பெறப்போகிறது என்னும் ஐயப்பாடும், ரப்பர் விலையின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து 1950களில் ஐரோப்பிய உரிமையாளர் பலரை விற்றுவிட்டு வெளியேறத் தூண்டின. வாங்கியவர்கள் பெரும்பாலும் இடைத்தரகர் கூட்டங்கள். அவர்கள் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று வரலாற்றில் பெயர்பெற்ற இச்செயலில் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே. பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து பின்னர் ஓர் அறிக்கை வெளியிட்டார். சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன், அறிக்கைக்காகக் காத்திராமல், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து ஒரு பங்குக்கு நூறு வெள்ளி செலுத்தும்படி தொழிலாளரை வேண்டினார். விற்பனைக்கு வரும் தோட்டத்தை அங்கே உழைப்பவரே வாங்குவது என்னும் அக்கருத்து, அயல் உடைமையின் தீங்குக்குத் தமிழர் கண்ட விடைகளுள் இன்றுவரை மிகச் சிறந்தது. எனினும் அது விற்கப்பட்ட தோட்டங்களில் ஒரு சிறு பகுதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்னும் தோட்ட நிறுவனத்தின் பங்குகள் ஒரு காலைப்பொழுதிலேயே மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தபோது உடைமை நாட்டுக்குத் திரும்பிற்று. லயத்து வீட்டின் நிலையோ மாறவில்லை.

இவ்வரலாற்றை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. விடுமுறை வீடு வாங்கும் ஓய்வூதியரைத் தோட்டத் துரையோடு நிறுத்துவது அநீதி. அவர் எவர் உழைப்பையும் சுரண்டவில்லை, எவரையும் இடம்பெயர்க்கவுமில்லை. ஆனால் ஊரில் இல்லாத உரிமையாளர், தமக்குச் சொந்தமான இடத்தின் அன்றாட நலனில் அங்கேயே வாழ்பவருக்கு ஈடான அக்கறை கொள்ள வாய்ப்பில்லை என்பதும், அவர் வெளியேறும்போது விளையும் இழப்பு அவரோடு போவதில்லை என்பதும் இருவருக்கும் பொதுவானவை.

உரிமையாளர் ஊரில் இல்லாத இந்நிலை இன்று எங்கே உறுத்துகிறது என்பதை அடுக்குமாடியின் நிர்வாகத்தில் காணலாம். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், 2015 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் தம் வீட்டுக்குரிய பங்கலகுக்கு ஏற்பப் பராமரிப்புக் கட்டணமும், அதற்கு மேல் அதன் பத்து விழுக்காட்டைச் சேம நிதியாகவும் செலுத்த வேண்டும் என்கிறது. சேம நிதி என்பது மின்தூக்கியை மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது, கட்டடத்திற்கு வண்ணம் பூசுவது போன்ற பெருஞ்செலவுகளுக்காக ஒதுக்கப்படும் பணம். கட்டணம் செலுத்தாதவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், அவரது நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யவும் விதிகள் இடம் தருகின்றன. உள்ளே குடியிருப்பவரை இவை அன்றைக்கே உலுக்கும். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருப்பவருக்குத் தம் அட்டை செயலிழந்ததே அடுத்த விடுமுறையில்தான் தெரியவரும். நிர்வாகக் கழகம் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பது உண்மையே. ஆயினும் வெளிநாட்டு முகவரிக்கு அறிக்கை அனுப்பிப் பணத்தைப் பெறுவதற்குள் பழுதான மின்தூக்கி காத்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள், ஒழுங்காகக் கட்டணம் செலுத்தி அங்கே வாழ்ந்துவரும் உள்ளூர்க் குடும்பங்களே.

வீட்டைப் பூட்டி வைக்காமல் நாள் வாடகைக்கு விடுவது இதற்கு மாற்றாகும் என்பது விற்பனை முகவர்கள் தவறாமல் சொல்லும் கணக்கு. இக்கணக்கின் அடித்தளத்தை 2020இல் கூட்டரசு நீதிமன்றம் அசைத்துவிட்டது. கோலாலம்பூர் மோண்ட் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்யும் துணைவிதியை இயற்ற நிர்வாகக் கழகத்திற்கு அதிகாரம் உண்டு என்று அது தீர்ப்பளித்தது. வாங்கும் நாளில் அனுமதிக்கப்பட்டிருந்த வாடகையும் பின்னொரு பொதுக் கூட்டத்தின் வாக்கெடுப்பால் நின்றுபோகலாம் என்பதே இதன் பொருள். குடியிருப்போரின் அமைதியையும் பாதுகாப்பையும் கருதினால் தீர்ப்பு முற்றிலும் நியாயமானது. வாடகை வருவாயை நம்பிக் கடன் வாங்கியவர்தான் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கூட்டரசின் கொள்கையும் நிலையாக நின்றதில்லை. 1996இல் முதியோருக்கான திட்டமாகத் தொடங்கி 2002இல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாற்றம் பெற்ற நீண்டகாலத் தங்கல் திட்டம், 2021இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை ஒரு மில்லியன் ரிங்கிட் எனத் திடீரெனக் கடுமையாக்கப்பட்டது. 2024இல் அது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று தரங்களாக வகுக்கப்பட்டது. வெள்ளித் தரத்திற்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும் குறைந்தது 600,000 ரிங்கிட் விலையுள்ள வீடும் வேண்டும். தங்கத்திற்கு ஒரு மில்லியன், பிளாட்டினத்திற்கு இரண்டு மில்லியன் ரிங்கிட் விலையுள்ள வீடு. முன்னர் விருப்பமாக இருந்த வீடு வாங்கல் இப்போது கட்டாயம். வாங்கிய வீட்டைப் பத்தாண்டுகள் விற்கவும் இயலாது, இன்னும் உயர்ந்த விலையுள்ள வீட்டுக்கு மாறுவது மட்டுமே விலக்கு. வெள்ளித் தரத்தினர்க்கு நுழைவிசைவு ஐந்தாண்டுக்கே வழங்கப்படுகிறது என்பதையும் பத்தாண்டு விற்பனைத் தடையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தங்கும் உரிமையைவிட இருமடங்கு காலத்திற்குப் பணம் முடங்கிக் கிடக்கும் முரண் விளங்கும். கூட்டரசு 600,000 ரிங்கிட் போதும் என்றாலும், மாநிலத்தின் வரம்பு அதனினும் கூடுதலாக இருந்தால் மாநில வரம்பே செல்லும் என்பதால், புத்ராஜெயாவிலிருந்து வரும் கூட்டரசின் அழைப்புக்கும் மாநில நில அலுவலகத்தின் விடைக்கும் இடையே வாங்குநர் தடுமாறுகிறார்.

வரிகளின் போக்கும் இதனையே காட்டுகிறது. சொத்து மாற்றத்திற்கான முத்திரை வரி குடிமக்களுக்குப் படிநிலையாக ஏறுவது. ஒரு மில்லியன் ரிங்கிட் வீட்டுக்கு அவர்கள் செலுத்துவது 24,000 ரிங்கிட். அயலார்க்கு 2024 ஜனவரி முதல் ஒரே விகிதமாக 4 விழுக்காடு விதிக்கப்பட்டதால் அதே வீட்டுக்கு 40,000 ஆயிற்று. 2026 முதல் குடியிருப்பு வீடுகளுக்கு அவ்விகிதம் 8 விழுக்காடாக உயர்ந்து 80,000ஐ எட்டியிருக்கிறது. விற்கும்போது நிலச்சொத்து இலாப வரி உண்டு: முதல் ஐந்தாண்டுகளுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, அதன்பின் 10 விழுக்காடு; குடிமக்களோ ஆறாம் ஆண்டு முதல் இவ்வரியிலிருந்து விடுபடுகின்றனர். இவற்றோடு நாணய மாற்றின் அலைவும் சேர்கிறது. 1998க்குப்பின் இல்லாத தாழ்வாக 2024 பிப்ரவரியில் டாலருக்கு ஏறத்தாழ 4.80 ஆக இருந்த ரிங்கிட், அதே ஆண்டு செப்டம்பரில் 4.20க்கும் குறைவாக வலுப்பெற்றது. ஏழு மாதங்களில் வந்த இந்த மாற்றம் மட்டுமே ஒரு வீட்டின் பல்லாண்டு விலையேற்றத்தை விழுங்கவோ இரட்டிப்பாக்கவோ வல்லது.

ஈப்போவுக்கே உரிய இன்னொரு கூறு நில அமைப்பு. அயலாரைக் கவரும் அதே சுண்ணாம்புக் குன்றுகள் 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் சரிந்து அடிவாரக் குடியிருப்பில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்டன. கிந்தா பள்ளத்தாக்கின் பல பகுதிகள் வெள்ளீயம் தோண்டி எடுத்தபின் நிரவப்பட்ட நிலங்கள்; ஏரி என்று விளம்பரத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை. அடித்தள அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் வாங்குநர் அரியர்.

பிற நாடுகளின் வழிமுறைகளை இங்கே சுருக்கமாக ஒப்பிடலாம். தாய்லாந்து ஓர் அடுக்குமாடியின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் அயலார் கையில் செல்லாதவாறு தடுக்கிறது. இதனால் எந்தக் கட்டடமும் வாழ்வோரின்றி வெறும் பூட்டிய கதவுகளாகிவிடும் வாய்ப்புக் குறைகிறது. சிங்கப்பூர் 2023 ஏப்ரல் முதல் அயலார்க்குக் கூடுதல் முத்திரை வரியாக 60 விழுக்காடு விதித்துத் தன் சந்தையை ஏறத்தாழ மூடிவிட்டது. இலங்கை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அயலார்க்கு நிலத்தை மறுத்து, அடுக்குமாடியில் நான்காம் தளத்திலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்களித்தது. இந்தியாவில், அயல்நாட்டுக் குடியுரிமையுள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை பெற்ற மலேசியத் தமிழர் சென்னையிலோ கோவையிலோ வீடு வாங்கலாம்; வேளாண் நிலமும் தோட்ட நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. மறுதலையாக, ஈப்போவில் வீடு தேடும் தமிழ்நாட்டுக்காரர், இந்திய ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஓராண்டுக்கு அனுமதிக்கும் 250,000 டாலர் வரம்புக்குள்ளேயே பணம் அனுப்ப வேண்டியிருப்பதால், வீட்டு விலையையும் வைப்புத்தொகையையும் ஒரே ஆண்டில் ஒருவராகத் திரட்டுவது கடினம். இவற்றுள் பேராக் கற்றுக்கொள்ளத்தக்கது தாய்லாந்தின் வழியே: அது வாங்குபவரின் பணப்பையை அளப்பதோடு நிற்காமல் கட்டடத்தில் வாழ்பவர்களின் விகிதத்தையும் அளக்கிறது.

ஜொகூரில் கடலை நிரவி எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி, அயல் வாங்குநர்களையே நம்பித் திட்டமிடுவதன் விளைவைக் காட்டியிருக்கிறது. சீனா தன் மக்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இறுக்கியதும், 2018இல் மலேசியப் பிரதமர் அயலார்க்கு அங்கே வீடு விற்கக் கூடாது என்று அறிவித்ததும் அதன் சந்தையை முடக்கின. ஈப்போவின் அளவு சிறிது. ஆனால் வேறொரு நாட்டின் நிதி விதியும் தன் நாட்டின் அரசியல் மாற்றமும் ஒரு நகரின் வான்விளிம்பைத் தீர்மானிப்பது சிறிய அளவிலும் விரும்பத்தக்கதன்று.

ஆகவே இவ்வழக்கத்தைத் தடைசெய்வது தேவையற்றது. அதன் பிற்பாதியை ஒழுங்குபடுத்துவதே தேவை. முதலாவதாக, அயலாரிடம் ஒப்புதலுக்குரிய கட்டணம் பெறும் மாநிலம், குறைந்தது இரண்டு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிர்வாகக் கழகத்தின் பெயரில் முன்வைப்பாகச் செலுத்துவதையும், அறிக்கைகளைப் பெற்றுப் பணம் செலுத்தும் அதிகாரமுள்ள உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதையும் ஒப்புதலுக்கு நிபந்தனையாக்க வேண்டும். இரண்டாவதாக, மறுவிற்பனையில் அயலாரிடமிருந்து அயலார் வாங்கும்போது விலை வரம்பைத் தளர்த்தினால், வீடு ஏற்கெனவே உள்ளூர்ச் சந்தைக்கு வெளியே இருப்பதால், எந்த உள்ளூர்க் குடும்பத்திற்கும் புதிய இழப்பு நேராது. சிக்கிக்கொண்ட உரிமையாளருக்கு வழி பிறக்கும். மூன்றாவதாக, அயலார் செலுத்தும் கட்டணமும் வரியும் பொதுக் கருவூலத்தில் கரைந்துபோகாமல், அதில் ஒரு பகுதியேனும் பழைய தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டங்களுக்கென ஒதுக்கப்படுவது பேராக்கின் வரலாற்றுக் கடன். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டும், தரம் பற்றிப் பேசிய அச்சட்டம் உடைமை பற்றிப் பேசவில்லை.

வாங்க நினைக்கும் அயலார்க்கும், அவருள் தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோர்க்கும் கூற வேண்டியது இது: ஈப்போவில் வாடகை குறைவு, காலி வீடுகள் மிகுதி, ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே தங்கப்போகும் ஒருவருக்கு, முத்திரை வரியாக மட்டுமே செலுத்த வேண்டிய 80,000 ரிங்கிட், மாதம் 2,000 ரிங்கிட் வாடகையில் 40 மாதத் தங்கலுக்குப் போதும்.